இருபத்து நான்கு கம்பிகள்

பழைய போர்ஷே 911 காரின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டு வேலை பார்க்கும் மெக்கானிக், கீழ்வரிசை வால்வ் கவரைக் கழற்றும்போது சில சமயம் ஒரு காட்சியைப் பார்ப்பார். மூடிக்குள் எண்ணெயில் ஊறியபடி ஒரு நட்டு தனியாகக் கிடக்கும். சிலவேளை அதன் மரையில் உடைந்த கம்பித் துண்டும் சிக்கியிருக்கும். கார் அதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். எஞ்சின் சூடேறாத காலையில் தும்மல்போல ஒரு சின்னச் சத்தம் கேட்டிருக்கலாம். உரிமையாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த நட்டைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கிலோமீட்டர் கணக்கு தேவைப்படாது. எஞ்சினை இறக்கியாக வேண்டும். ஓவர்ஹால் வேலைக்கு நம் பட்டறைகளில் ‘எஞ்சின் இறக்குவது’ என்றே பெயர். 911இல் அது சொல்லுக்குச் சொல் பொருந்தும்: காரை உயர்த்தி, நான்கு பெரிய போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே பிண்டமாகக் கீழே இறக்குவார்கள்.

காற்றால் குளிரும் இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது, ‘எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?’ என்பதைத்தான். ஒரே தொழிற்சாலையில், ஒரே வரைபடத்தின் வழிவந்த எஞ்சின்களில் ஒன்று ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டுமுன்பே பட்டறைக்கு வந்தது. இன்னொன்று மூன்று லட்சத்தைத் தாண்டியும் திறக்கப்படாமல் ஓடியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஓட்டுநரின் குணத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. எந்த உலோகத்துக்குப் பக்கத்தில் எந்த உலோகத்தை வைத்தார்கள் என்பதில்தான் அதன் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் வெப்பத்தைப் பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. மிஞ்சும் பங்கு சிலிண்டர் சுவரிலும் தலையிலும் இறங்கிவிடும். அதை யாராவது எடுத்துச் சென்றாக வேண்டும். பெரும்பாலான கார்களில் தண்ணீர் அதைச் செய்கிறது. ஒரே கன அளவு தண்ணீரையும் காற்றையும் எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி சூடேறுவதற்குத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் வெப்பம் காற்று வாங்குவதைப்போல ஏறத்தாழ 3500 மடங்கு. காற்றை நம்பி எஞ்சின் கட்டுகிறவர் இந்தக் குறையை இரண்டு வழிகளில் ஈடுகட்டுகிறார்: உலோகத்தின் பரப்பைக் கூட்டுவார், காற்றை அள்ளி அள்ளிக் கொட்டுவார்.

பரப்பைக் கூட்டும் வழியை நாம் தினமும் சாலையில் பார்க்கிறோம். புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடுகள் அதற்குத்தான். ஆனால் மோட்டார் சைக்கிள் எஞ்சின் எதிர்க்காற்றில் திறந்து நிற்கிறது. 911இன் எஞ்சினோ பின்சக்கரங்களுக்கும் பின்னால், மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் அதற்குச் சொந்தமாகப் பெரிய விசிறி ஒன்று வைத்தார்கள். முழு வேகத்தில் அது நொடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று சிதறிவிடாமல் தகரக் கவசங்கள் அதை ஆறு சிலிண்டர்களுக்கும் பங்கிட்டு அனுப்பும். எஞ்சின் கசியவிடும் எண்ணெயில் புழுதி ஒட்டி, தகடுகளுக்கிடையே பாறைபோல இறுகிவிட்டால் அந்தப் பங்கீடு கெடும். வெளியே தெரியாமல் ஒரு சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

காற்றுக்கு உதவியாளாக எண்ணெயும் உண்டு. 911இல் எண்ணெய் எஞ்சினின் அடித்தொட்டியில் தங்குவதில்லை. தனித் தொட்டியிலிருந்து வந்து, வெப்பத்தைச் சுமந்துகொண்டு திரும்பிப் போகும். பிற்கால 911களில் மொத்தம் 10 லிட்டருக்கு மேல் எண்ணெய் சுற்றுகிறது; சாதாரண சிறிய காருக்கு 3, 4 லிட்டர் போதும். இதை எண்ணெயால் குளிரும் எஞ்சின் என்று அழைப்பவர்களும் உண்டு. அந்தப் பெயரும் எனக்குச் சரியாகவே படுகிறது.

1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இந்தக் கார் 901 என்ற பெயரில் அறிமுகமானது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் சொன்னதால் அது 911 ஆயிற்று. எஞ்சின் உருவானதில் ஹான்ஸ் மெட்ஸ்கருக்கும் ஃபெர்டினாண்ட் பியெக்குக்கும் முக்கியப் பங்கு உண்டு. ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். 2 லிட்டர் கொள்ளளவு, 130 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனிக் குடுவை. கீழே எஞ்சினின் உடலான கிராங்க் கேஸ், நடுவில் சிலிண்டர், மேலே தலை; மூன்றையும் சேர்த்து இறுக்க, கேஸிலிருந்து புறப்பட்டுத் தலைவரை போகும் நீண்ட கம்பிகள். இவற்றை ஸ்டட் என்பார்கள். சிலிண்டருக்கு 4 வீதம் மொத்தம் 24. இந்த எஞ்சினின் ஆயுளைப் பற்றி என்னிடம் ஒரே வரியில் கேட்டால், அந்த 24 கம்பிகளையும் அவை ஊன்றியிருக்கும் உலோகத்தையும் பார்க்கச் சொல்வேன்.

தொடக்கத்தில் கிராங்க் கேஸ் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. 1960களின் இறுதியில் மக்னீசியத்துக்கு மாறினார்கள். காரணம் எடை. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மக்னீசியத்தினுடையது 1.74. பின்சக்கரத்துக்கும் பின்னால் எஞ்சினைச் சுமக்கும் காரில், அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வளைவுகளில் உதவும். 2 லிட்டர் எஞ்சினில் மக்னீசியம் ஒழுங்காகவே வேலை செய்தது.

பிறகு எஞ்சின் வளரத் தொடங்கியது. சிலிண்டரின் உள்விட்டம் 80 மி.மீ.இலிருந்து 84 ஆயிற்று. 1973இன் கரேரா ஆர்.எஸ். காரில் 90 ஆயிற்று. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கிடையே உள்ள தொலைவு முதல் வரைபடத்தில் இருந்த அதே 118 மி.மீ. 80 மி.மீ. விட்டத்தில் இரண்டு துளைகளுக்கிடையே 38 மி.மீ. இடம் இருந்தது. 90 மி.மீ. ஆனதும் அது 28. சிலிண்டரின் அடிப்பகுதி அமர்வதற்காகக் கேஸில் இருந்த வாய்களையும் அகலமாகக் குடைய வேண்டியிருந்ததால், கம்பிகள் மரை பிடித்து நிற்கும் இடத்தைச் சுற்றியிருந்த மக்னீசியம் மெலிந்தது. 1974 முதல் 1977 வரை இந்த 2.7 லிட்டர் எஞ்சின் எல்லாச் சாதாரண 911களிலும் வந்தது.

அங்கே என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள மூன்று எண்கள் போதும். 10 செ.மீ. நீளமுள்ள எஃகை 100 டிகிரி சூடாக்கினால் அது ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். அலுமினியம் 0.23 மி.மீ. நீளும். மக்னீசியம் 0.26 மி.மீ. எஞ்சின் சூடாகும்போது அலுமினியச் சிலிண்டரும் தலையும் எஃகுக் கம்பியைவிட இருமடங்கு நீளப் பார்க்கின்றன. கம்பி விடாது. ஆகவே அவை கம்பியைப் பிடித்து இழுக்கின்றன. அந்த 0.11 மி.மீ. வித்தியாசம் தலைமுடியின் பருமன்தான். ஆனால் 8 மி.மீ. தடிமனுள்ள 10 செ.மீ. எஃகுக் கம்பியை அவ்வளவு தூரம் இழுத்து நீட்ட ஒரு டன்னுக்கும் சற்றுக் கூடுதலான விசை வேண்டும். உண்மை எஞ்சினில் சிலிண்டரும் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் விசை அதைவிடக் குறையும். ஆனாலும் நட்டு முடுக்கியபோது கொடுத்த இறுக்கத்தின் மேல் இது கூடுதல் சுமை. கார் சூடேறும் ஒவ்வொரு முறையும் ஏறும், ஆறும் ஒவ்வொரு முறையும் இறங்கும்.

எஃகுக் கம்பி இதைத் தாங்கும். கம்பியின் அடிமரை ஊன்றியிருக்கும் மக்னீசியம் தாங்காது. அந்தக் கால மக்னீசியக் கலவைகளுக்கு ஒரு பலவீனம் உண்டு: 120 டிகிரி வாக்கில் சூடேறிய நிலையில் தொடர்ந்து இழுபட்டால், முறியாமல் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். ஊர்வு என்று இதைச் சொல்வார்கள். மரை ஒரு நாளில் அறுவதில்லை. ஆயிரம் பயணங்களில் இழையிழையாக மேலே வருகிறது. கடைசியில் கம்பி மரையோடு பிடுங்கிக்கொள்ளும். தலைக்கும் சிலிண்டருக்கும் இடையே இடைவெளி விழும், எரியும் வாயு பீறிடும்.

இதற்குமேல் அமெரிக்கச் சந்தையின் புகைக் கட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. 1970களின் நடுவில் அங்கே போன கார்களில், முதலில் கலிபோர்னியாவுக்கானவற்றில், எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியைப் புகைக்குழாயிலேயே எரித்துத் தீர்க்கும் வெப்பக் கலன்களைப் பொருத்தினார்கள். அவை இருந்த இடம் சிலிண்டர் தலைகளுக்கு நேர் கீழே. அடுப்பின் மேல் எஞ்சினைத் தூக்கி வைத்ததுபோல ஆயிற்று. 1976, 77 மாடல்களில் விசிறியின் 11 தகடுகள் 5 ஆகவும் குறைக்கப்பட்டன. மெலிந்த மக்னீசியம், கூடிய வெப்பம், குறைந்த காற்று மூன்றும் ஒன்றுசேர்ந்தன. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு முன்பே 2.7 எஞ்சின்கள் பட்டறையில் வந்து நின்றதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. இன்று அந்த எஞ்சினைத் திறக்கும் எந்த நல்ல மெக்கானிக்கும் 24 துளைகளையும் குடைந்து, எஃகு மரைச் செருகிகளைப் பதித்துவிட்டுத்தான் மூடுகிறார். அப்படிச் செய்து, வெப்பக் கலன்களையும் கழற்றிய 2.7 நீண்டகாலம் உழைக்கும். அதை ராசியில்லாத எஞ்சின் என்று ஒதுக்குவது அநியாயம்.

1978இல் 3 லிட்டர் எஞ்சினோடு எல்லா 911களும் அலுமினியக் கேஸுக்குத் திரும்பின. மரை பிடுங்கும் நோய் அதோடு தீர்ந்தது. ஆனால் கம்பியின் கதை தீரவில்லை. எஃகின் விரிவு அலுமினியத்தின் விரிவோடு ஒத்துப்போகாததுதானே சிக்கல் என்று, அலுமினியத்தை நெருங்கி விரியும் டிலாவர் என்ற எஃகுக் கலவையில் கம்பிகளைச் செய்திருந்தார்கள். 3 லிட்டர் காரில் இவை கீழ்வரிசையில் இடம்பெற்றன. எண்ணம் மிகச் சரி. ஆனால் கீழ்வரிசை என்பது சாலையிலிருந்து தெறிக்கும் தண்ணீரும், பனிநாடுகளில் சாலையில் தூவும் உப்பும் வந்து படியும் இடம். இழுவிசையில் நிற்கும் டிலாவர் கம்பியின் மேல்பரப்பில் அரிப்பு ஒரு நுண்குழியை உண்டாக்கினால் போதும், விரிசல் அங்கிருந்து உள்ளே ஓடும். பல வருடம் கழித்து, சிலவேளை கார் கொட்டகையில் சும்மா நிற்கும் இரவில், கம்பி டப்பென்று முறியும். தொடக்கத்தில் சொன்ன நட்டு அப்படி வந்து விழுந்ததுதான். அலுமினியக் கேஸ் மரையை உறுதியாகப் பிடித்துக்கொள்வதால் அங்கே சாதாரண எஃகுக் கம்பியே போதுமானதாக இருந்தது. பல மெக்கானிக்குகள் எஞ்சினைத் திறக்கும்போது டிலாவரை எடுத்துவிட்டு எஃகையே போடுகிறார்கள்.

கம்பிகள் இவ்வளவு பாடுபடுத்திய அதே எஞ்சினில், தேய வேண்டிய இடம் தேயாமல் இருந்தது. சிலிண்டரின் உட்சுவரைத்தான் சொல்கிறேன். நம் ஊர் லாரி எஞ்சின்களை ரீபோர் செய்வதே பிஸ்டன் ரிங் உரசி உட்சுவர் தேய்ந்துபோவதால். போர்ஷே தன் 917 பந்தயக் காரில் பழகி, 1973 கரேரா ஆர்.எஸ்.இல் கொண்டுவந்த பூச்சின் பெயர் நிக்கசில். நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்களைக் கலந்து அலுமினியச் சுவரில் மின்முலாமாகப் படிய வைப்பார்கள். உப்புத்தாளில் இருக்கும் அதே கடினத் துகள்தான் சிலிக்கன் கார்பைடு. சாணை பிடிக்கும் பொருளையே சுவராகக் கட்டினால் தேய்வது அரிது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், தொழிற்சாலையில் போட்ட குறுக்குக்கோடுகள் இன்னும் தெரிவதுண்டு.

கிராங்க் தண்டும் அப்படித்தான். ஆறு சிலிண்டருக்கு எட்டு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. எண்ணெய் சுத்தமாக இருந்தால் அதற்கு எதுவும் ஆகாது. வால்வுகளை இயக்கும் கேம் தண்டுக்குப் போகும் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் மட்டும் நீண்டகாலம் தலைவலியாக இருந்தது. அது சோர்ந்தால் செயின் பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் மோதும். 1984இல் எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்திலேயே இயங்கும் டென்ஷனர் வந்ததும் அது முடிந்தது. முந்தைய கார்களிலும் இதை மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் ஓட்டுவது வீண் துணிச்சல்.

ஆகவே 3 லிட்டர், 3.2 லிட்டர் எஞ்சின்களில் கம்பிக்கு அடுத்தபடியாக ஆயுளை முடிவுசெய்வது ஒரு சிறிய குழல்: வால்வ் கைடு. புகை வெளியேறும் வால்வின் தலை எரியும் வாயுவின் நடுவே குளிக்கிறது. அதைக் காப்பாற்ற வால்வின் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்திருக்கிறார்கள். 98 டிகிரியில் சோடியம் உருகும். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உருகிய சோடியமும் உள்ளே அலம்பி, தலையின் வெப்பத்தைத் தண்டுக்குக் கொண்டுவரும். தண்டு அதைக் கைடிடம் கொடுக்கும். வால்வு பிழைக்கிறது, கைடு அந்த வெப்பத்தோடு உரசலையும் தாங்கி மெல்லத் தேய்கிறது. 1984 முதல் 1989 வரை வந்த 3.2 கரேராவில் இது சற்று முன்னதாகவே தேய்ந்தது. கைடு தளர்ந்தால் எண்ணெய் உள்ளே இறங்கும். 1998இல் முடிவுற்ற கடைசிக் காற்றுக்குளிர் தலைமுறையான 993இல் இதனால் வேறொரு விளைவு வந்தது: எண்ணெய்க் கரி, தலைக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுவழிகளை அடைத்தது, எச்சரிக்கை விளக்கு எரிந்தது, அமெரிக்காவில் புகைச் சோதனையில் கார் தேறவில்லை. நன்றாக இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின்களின் தலையைக் கழற்ற வேண்டியதாயிற்று.

எஞ்சின் களைத்துவிட்டதா என்று திறக்காமலே கண்டுபிடிக்க முடியும். நின்ற காரைக் கிளப்பும்போது ஒரு பொதி நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். படுத்திருக்கும் சிலிண்டரில் எண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கசிந்து கிடக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு ஓட்டி, மறுபடி மிதிக்கும்போது புகை வந்தால் கைடைச் சந்தேகிக்கலாம். முழு மிதியில் ஏறும்போது தொடர்ந்து புகைத்தால் ரிங். எண்ணெய் குடிப்பதைப் பொறுத்தவரை, 1000 கி.மீ.க்கு 1.5 லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று கார் கையேடே சொன்னது. அந்த எல்லையை நெருங்கும் எஞ்சினை நான் ஆரோக்கியமானது என்று சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றிலும் நேர்மையான சோதனை, காற்றடித்துப் பார்ப்பது. பிஸ்டனை மேல் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றை ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று அளவுகோலில் படிப்பார்கள். 5 சதவீதம் என்றால் மகிழ்ச்சி. 20ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எண்ணைவிட முக்கியம் காது. புகைக்குழாயில் ‘உஸ்’ என்றால் வெளியேற்று வால்வு. காற்று உள்ளே வரும் வழியில் கேட்டால் உள்வாங்கு வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ஆறு சிலிண்டரையும் பார்த்துமுடிக்கச் சில மணி நேரம்தான் ஆகும். இதைச் செய்யாமல், கிலோமீட்டர் மீட்டரை மட்டும் பார்த்து எஞ்சினை இறக்கச் சொல்பவரை நம்பக் கூடாது. அதேபோல, 80,000 கி.மீ.தான் ஓடியது என்று இந்தச் சோதனைக்கு விடாமல் விற்க வருபவரையும்.

ஏனென்றால் குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்பது இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி எண்ணெயில் கலக்கும். 10 லிட்டர் எண்ணெய் முழுதாகச் சூடேற அரைமணி ஓட்டம் தேவை. பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அந்த ஈரம் ஆவியாகாமல் உள்ளேயே அமிலமாகி, பேரிங்கையும் கேம் தண்டையும் அரிக்கும். மாதக்கணக்கில் நின்ற கார்களில் வால்வ் ஸ்பிரிங்கில் துரு பூத்திருப்பதும் இதனால்தான்.

ஓட்டும் விதத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசிறி பெல்ட்டில் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகச் சுற்றும். எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து, ஏற்றத்தில் பெரிய கியரில் திணறத் திணற ஏற்றுபவர்கள், வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் காற்றைக் குறைக்கிறார்கள். கியரை ஒன்று குறைத்து எஞ்சினைத் தாராளமாகச் சுற்ற விடுவதே அதற்குச் செய்யும் உதவி. ஆல்டர்னேட்டரும் அந்த விசிறியின் அச்சில்தான் இருக்கிறது. 1989க்கு முந்தைய கார்களில் இரண்டையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. ஆகவே பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தால், ‘சார்ஜ் ஆகவில்லைபோல, வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டிப் போகாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம். வண்டியை அங்கேயே ஓரம்கட்டி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.